மொலியைக் கட்டிப் போடச் சொன்னார்கள்

“நாங்க என்ன மாடுங்களா, கிளாக்கரம்மா? கொழுந்து எடுக்கப் போன எடத்துல ஒங்க நாய் எங்கள மேய்க்குது. இதக் கேக்க இந்தத் தோட்டத்துல ஆளே இல்லையா?”

கேட்டது பாக்கியம். மூன்றாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக, பின்னால் ஆறு பெண்களோடு எங்கள் குவாட்டர்ஸ் கேட்டில் நின்றாள். நான் பால் வாளியோடு நின்றேன். வாளி கையில் இருந்தால் என்ன, வாய் சும்மா இருக்குமா?

“கடிச்சுதா?” என்றேன்.

“கடிக்கல.”

“குரைச்சுதா?”

“கொரைக்கவும் இல்ல. கடிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். இது மேய்ச்சுச்சும்மா. மேய்ச்சதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?”

பதில் தெரியாதபோது கெட்டிக்காரர்கள் செய்வதைச் செய்தேன். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் ஒபிஸிலிருந்து கடிதம் வந்தது. என் நாயினால் தொழிலாளர்களுக்கு இடையூறு ஏற்படுவதாக முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம். பதினான்கு நாட்களுக்குள் அதை நிரந்தரமாகக் கட்டி வைக்க வேண்டும், அல்லது தோட்டத்தை விட்டே அகற்ற வேண்டுமாம். கீழே பெரிய தொரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கையெழுத்து. அதை டைப் செய்தவர் யார்? தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அதாவது என் வீட்டுக்காரர். காலையில் ஒபிஸில் டைப் செய்து, உறையில் போட்டு, ‘திருமதி’ என்று என் பெயரை எழுதி, பின்னேரம் சாப்பாட்டுக் கேரியரோடு அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

மலையில் பசு வளர்ப்பது என்பது பாதி நேரம் மாட்டோடும் மீதி நேரம் நிர்வாகத்தோடும் மல்லுக்கட்டுகிற தொழில். அதற்கு ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டால் மல்லுக்கட்ட மூன்றாவதாக ஊராரும் சேர்ந்துகொள்வார்கள். வீட்டில் வாயில்லாத ஜீவன் ஒன்றை வளர்த்து, அதற்காகத் தாங்கள் வாயைத் திறந்து கெட்ட பெயர் வாங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் மொலி இந்தத் தோட்டத்துக்குச் செய்தது என்ன, தோட்டம் அவளுக்குச் செய்தது என்ன என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

வேலை கேட்டு வந்தவள்

மொலி ‘போர்டர் கொலி’ சாதி. கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடங்கியும் இருக்கும். ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் ஆடு மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய். எங்கள் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்களின் ஊர்தான். ஆள் போய்விட்டார்கள், பெயர் இருக்கிறது, இப்போது நாயும் வந்திருக்கிறது. முந்தைய தொரை கொழும்புக்கு மாற்றலாகி எட்டாவது மாடி வீட்டுக்குப் போகும்போது அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, “உங்களிடம் மாடு இருக்கிறது, இவளுக்கு வேலை இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்” என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் என்பதால் மறுக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது காவல் நாய். இவளோ யார் வந்தாலும் குரைப்பதில்லை. வந்தவர்களை ஒன்றுசேர்ப்பாள். அவ்வளவுதான். வீட்டில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் ஒரே அறைக்குள் வரும்வரை படுக்கமாட்டாள். ஹட்டனில் ஹொஸ்டலில் இருந்து படிக்கிற மகள் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், குசினியில் இருக்கும் என்னையும் முன்னறையில் பேப்பர் படிக்கும் அவரையும் மூக்கால் இடித்து இடித்து மகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார ஆரம்பித்தது மொலி வந்த பிறகுதான். எனக்கு அது பிடித்திருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

வந்த முதல் வாரம், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர் தேத்தண்ணிக்கு வந்திருந்தார். குடித்து முடித்து எழும்பினார். மொலியும் எழும்பி வாசல் பக்கம் போய் நின்றாள். டீச்சர் இடப்பக்கம் நகர்ந்தார், மொலியும் இடப்பக்கம். வலப்பக்கம் நகர்ந்தார், மொலியும் வலப்பக்கம். அரை மணித்தியாலம் போனது. கடைசியில் டீச்சர் மறுபடி கதிரையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அக்கா, நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டன். இனி நான் வீட்ட போகலாமோ எண்டு உங்கட நாயிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.”

சிறுத்தை பார்த்த காவல்காரர்

எங்கள் குவாட்டர்ஸுக்கு மேலே பத்தனை, அதாவது வெறும் புல்மலை. அங்கேதான் என் நான்கு பசுக்களும் மேயும். பத்தனைக்கும் எங்களுக்கும் நடுவே புதிதாகக் கன்று நட்ட தேயிலை மலை. மாடு தேயிலையைத் தின்னாது. ஆனால் மிதிக்கும். மிதித்தால் காவல்காரர் பிடித்துக்கொண்டுபோய் ஒபிஸ் முற்றத்து மரத்தில் கட்டிவிடுவார். பிறகு மாட்டுக்காரர் வந்து எல்லார் முன்னிலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். பெரிய கிளாக்கரின் மாடு ஒபிஸ் மரத்தில் கட்டிக்கிடந்தால் பெரிய கிளாக்கர் எந்த முகத்தோடு உள்ளே போவார்? அவர் பின்வாசலால் போவார். அப்படிப் பல தடவை போயிருக்கிறார்.

மொலி வந்தபிறகு அந்தக் கூத்து நின்றது. அவள் மாட்டை விரட்டுவதில்லை. வயிறு மண்ணில் பட ஊர்ந்துபோய், தலையைத் தாழ்த்தி முறைத்துப் பார்ப்பாள். கொன்வென்ட்டில் எங்கள் மதர் சுப்பீரியர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மாடு தானாகத் திரும்பிவிடும். காவல்காரர் முதன்முதல் அவளை அந்தக் கோலத்தில் பனி மிஸ்ட்டுக்குள்ளே கண்டபோது சிறுத்தை என்று கத்திக்கொண்டு பாறையில் ஏறிவிட்டார். ஊர்ந்து போகிற நாயை இந்தத் தோட்டத்தில் யார் கண்டது? எங்களுக்குத் தெரிந்த நாய் இரண்டு வகை. குரைப்பது ஒன்று, படுத்துக்கிடப்பது ஒன்று. அவரை இறக்குவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க என் மாடு ஒன்றுகூட புதுமலையில் கால் வைக்கவில்லை. அவரே ஒருநாள் வேலியோரம் வந்து மெதுவாகச் சொன்னார்:

“அம்மா, ஒங்க நாய் வந்ததுலருந்து எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்ல. தொரைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

பிள்ளைக் காம்பரா

கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. அதன் கேட் கழன்று விழுந்து வெகுகாலம். கேட்டுக்கு வெளியே பத்தடியில் கொழுந்து லொறி போகிற றோட்டு. பிள்ளைகளைப் பார்க்கிற பெண் ஒருத்தி. பிள்ளைகள் பதினொரு பேர். கைக்குழந்தை போக மற்றதெல்லாம் ஓடுகிற வயது. கணக்கு உங்களுக்கே விளங்கும்.

காலைப் பால் லொறி போனதும் மொலி காணாமல் போவதை நான் கவனித்தேன். எங்கே போகிறாள் என்று பின்னால் போய்ப் பார்த்தால், பிள்ளைக் காம்பரா வாசலில், கேட் இருக்க வேண்டிய இடத்தில், குறுக்கே படுத்திருக்கிறாள். ஒரு பிள்ளை, பாக்கியத்தின் பேத்தி, றோட்டுப் பக்கம் நாலடி வைத்தது. மொலி எழும்பி அதைச் சுற்றி வந்தாள். தொடக்கூட இல்லை. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு திரும்பி உள்ளே போனது. பிறகு இன்னொன்று. இன்னொன்று. நான் வெட்கத்தோடு போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் பால்மா கரைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

“கேட்டு போட்டுத் தாங்க, இல்லாட்டி காவலுக்கு ஒரு ஆளத் தாங்கன்னு ஒபிசுக்கு ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேங்க. நான் ஒபிஸ்லதான் அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்.”

தோட்டத்துக்கு ஒரு சொத்து

எங்கள் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் இப்போது வெளியூர் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். காலையில் எழும்பி, நானுஓயாவில் ரயில் பிடிக்கும் முன், தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். செடியை முறிப்பார்கள். நம் பெண்களின் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். ஒருநாள் அப்படி ஒரு வேன் நிறைய ஆட்கள் திசைக்கொருவராகச் சிதறி நின்றார்கள். சிதறி நிற்கிற எதையும் மொலியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பத்தே நிமிடத்தில் அத்தனை பேரையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

நான் மொலியைப் பிடிக்க ஓடினேன். ஆனால் அவர்கள் கைதட்டினார்கள்! வீடியோ எடுத்தார்கள்! புதுத் தொரை, ஆம், இப்போது இருக்கிற இதே தொரை, ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, அவர்களோடு சேர்ந்து சிரித்தார். மொலியின் தலையைத் தடவினார். அந்த வீடியோவைப் பங்களாவுக்கு ஆள் பிடிக்கப் போட்டார்கள் என்று மகள் போனில் காட்டினாள். மேய்க்கப்பட்டவர்கள் வேனில் வந்தவர்கள் என்றால் அது விளையாட்டு. நான் அன்று அதை யோசிக்கவில்லை. பூரித்துப்போய் நின்றேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரின் திருவாய் அன்று சொன்ன வார்த்தை இது:

“மேடம், இந்த நாய் நம்ம தோட்டத்துக்கே ஒரு சொத்து.”

கண்டாக்குத் தம்பியின் விசில்

மொலியை மாட்டிடம் அனுப்புவதற்கு விசில்தான் மொழி. நீளமாக ஒன்று அடித்தால் படுத்துவிடுவாள். குட்டையாக இரண்டு அடித்தால் வளைத்துக்கொண்டு வருவாள். விசிலடித்தால் சிஸ்டர்மார் முட்டிக்காலில் நிற்க வைக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். விரலை வைத்து அடிக்க வராது. தகர விசில்தான் ஊதுவேன். பக்கத்துக் குவாட்டர்ஸில் இருக்கிற கண்டாக்குத் தம்பி, மலை வேலைகளையெல்லாம் பார்க்கிற இளம் உத்தியோகத்தர், இதை வேலிக்கு மேலாகப் பல நாள் பார்த்துக்கொண்டு நின்றார். “அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்களேன்” என்றார்.

நல்ல பிள்ளை. ‘அக்கா, அக்கா’ என்று வந்து போகும். என் கையால் கேக் சாப்பிட்ட பிள்ளை. சொல்லிக்கொடுத்தேன். தகர விசில்கூட வேண்டியிருக்கவில்லை, இரண்டு விரலை வாயில் வைத்து என்னைவிட நன்றாக அடித்தார். இரண்டாம் நாளே மொலி அவருடைய விசிலுக்கும் படுத்தாள், எழும்பினாள், வளைத்தாள். என் நாயின் கெட்டித்தனத்தை ஒருவர் மெச்சுகிறார் என்றால் எனக்குக் கண் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஒத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதைக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்:

“ஆளுங்களும் இப்பிடிச் சொன்னதக் கேட்டா எவ்வளவு லேசா இருக்கும், இல்லக்கா?”

கட்டிய பிறகு

கடிதம் வந்ததும் கட்டினேன். உத்தியோகத்தர் பெண்டாட்டி. குவாட்டர்ஸ் நிர்வாகத்தினுடையது, சுவர் அவர்களுடையது, கேட் அவர்களுடையது, நாய் மட்டும்தான் என்னுடையது. அக்கரப்பத்தனைக்குப் பஸ்ஸில் போய், தெரிந்த முஸ்லிம் நானாவின் கடையில் செயின் கேட்டேன். அவர் மொலியைப் பார்த்திருக்கிறார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, “அந்தப் புள்ளயவா தங்கச்சி கட்டப்போறீங்க?” என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே நீளமானதை எடுத்துத் தந்தார்.

மாட்டுக் கொட்டில் தூணில் கட்டினேன். அவள் ஊளையிடவில்லை, இழுக்கவில்லை. ஊளையிட்டிருந்தால் அதட்டியிருப்பேன். செயின் எட்டுகிற தூரத்தில் ஓர் அரைவட்டம், இந்த முனையிலிருந்து அந்த முனை, அந்த முனையிலிருந்து இந்த முனை, நாள் முழுக்க நடந்தாள். நாலு நாளில் அங்கே புல் போய் மண் பள்ளமானது. சோறு வைத்தது வைத்தபடி. சனிக்கிழமை மகள் வந்து குசினியில் அழுதாள். அவர் முன்னறையில் இருந்தார். நான் கொட்டிலில் இருந்தேன். எங்களைச் சேர்க்க ஆளில்லை.

ஐந்தாம் நாள் நான்கு மாடும் ராஜகுமாரிகள் மாதிரிப் புதுமலைக்குள் நடந்து போயின. காவல்காரர் பிடித்து ஒபிஸ் மரத்தில் கட்டினார். பாவம், அவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. மாட்டைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கு எனக்கு இரண்டாவது கடிதம். நாயைக் கட்டச் சொன்னதும் அவர்கள், மாடு வந்தது ஏன் என்று கேட்பதும் அவர்கள்! நான் ஆடித் தீர்த்தேன். அடுப்பில் இருந்த கறி கரியாகும்வரை ஆடினேன். உறையை மேசையில் வைத்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்:

“ரெண்டு லெட்டரையும் ஒரே ஃபைல்லதான் போட்டிருக்கேன். தேட லேசா இருக்கும்.”

பாக்கியத்தின் லயத்தில்

வீட்டில் கேட்க ஆளில்லை என்றதும் ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பாக்கியத்தின் லயத்துக்கே போனேன், சண்டைக்குத்தான். வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். உன் பேத்தியைப் பிள்ளைக் காம்பராவில் லொறியிலிருந்து காத்தது யார் என்பதில் தொடங்கி, வாயில்லாத ஜீவனில் முடிவதாக ஏற்பாடு. அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீயும் கையில் தொட்டுக்கொள்ளச் சீனியும் கொண்டுவந்தாள். நான் உட்காராமலே ஆரம்பித்தேன். “என் நாய் தானா மலைக்குப் போய் வேலை செய்ற ஆளுங்கள மேய்க்காது, பாக்கியம். மாட்டுக்கிட்டகூட விசில் குடுத்தாத்தான் போகும்.”

“அதத்தானம்மா நாங்களும் சொல்றோம். விசில் கேட்டுத்தான் வந்துச்சு.”

“யார் விசில்?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் நாயையும் குடுத்து விசிலையும் சொல்லிக் குடுத்து அனுப்பினீங்கன்னுல்ல நெனச்சோம். கண்டாக்கையாதான்.”

நான் உட்கார்ந்தேன்.

கொழுந்தெடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நெரை உண்டு, செடி வரிசை. அதை விட்டு யாராவது தண்ணீர் ஓடுகிற கானுப் பக்கம் இறங்கினால் கண்டாக்குத் தம்பி மேல் றோட்டில் நின்று இரண்டு விரலை வாயில் வைப்பாராம். மொலி வளைத்து வந்து முன்னால் படுத்து முறைப்பாளாம். நெரைக்குத் திரும்பும்வரை விடமாட்டாளாம். மூன்று வாரம் இப்படி நடந்திருக்கிறது. பாக்கியம் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை. “நெரைய விட்டு ஒரு பொம்பள எதுக்கம்மா கானுப் பக்கம் எறங்குவா? காலையில ஏழு மணிக்கு மலைக்குப் போறோம். மலையில எங்களுக்குக் கக்கூஸ் கட்டி வச்சிருக்கா? ஒதுங்கப் போன எடத்துல நாய் வந்து நின்னு பாக்குது. மேல நின்னு அவரு சிரிக்கிறாரு. ராமாயி அக்கா அவசரத்துல கானுக்குள்ள விழுந்து கால் பெரண்டு ஒரு வாரம் வேலைக்குப் போகல. ஒபிஸ்ல போய் இதையெல்லாம் சொன்னோம். தொரை கேட்டுட்டு, நாய்க்கு நடவடிக்கை எடுக்கிறேன்னாரு.”

நான் தயாரித்துக்கொண்டு போன வசனம் எதற்கும் உதவவில்லை. மொலி எங்கே போகிறாள் என்று ஒருநாள் காலையில் பின்னால் போய்ப் பார்த்ததோடு சரி. மத்தியானத்தில் எங்கே போகிறாள் என்று நான் பார்க்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொடுத்ததும் நான், கேக் வெட்டிக் கொடுத்ததும் நான், கேட்டைச் சாத்தியதும் நான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அதிகம் இல்லை. அன்று கேட்டேன். ஏழு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பாக்கியம் கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“நாய் மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா. அது சொன்னதச் செஞ்சுச்சு. நாங்களுந்தான் சொன்னதச் செய்றோம்.”

ஒரு வரியை எடுத்துக்கொண்டார்கள்

அந்த ஏழு பெண்களும் ஒரு கடிதம் கொடுப்பது என்று முடிவானது. நான்தான் எழுதினேன். கொன்வென்ட்டில் கற்ற கையெழுத்துக்கு அன்றுதான் ஒரு பிரயோசனம் வந்தது. நீளமில்லை, இரண்டே விடயம். நாயின் மேல் எங்களுக்கு முறைப்பாடு இல்லை என்பது முதலாவது. நாயை விசிலடித்து எங்கள் மேல் ஏவிய உத்தியோகத்தர் மேல்தான் முறைப்பாடு, அவர் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. ஏழு பேரும் கையெழுத்து வைத்தார்கள். எட்டாவதாக நான் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் படித்தார், மறுபடி படித்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டு ஒபிஸுக்குப் போனார்.

இரண்டே நாளில் பதில் வந்தது, பதினான்காம் நாளுக்கு முன்பே. ‘முறைப்பாடு மீளப் பெறப்பட்டமையால் இவ்விடயம் முடிவுற்றதாகக் கருதப்படுகிறது.’ மொலியைக் கட்டத் தேவையில்லையாம். முதல் விடயத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது என்று ஒன்று அந்தத் தாளில் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்ச் செயினைக் கழற்றி விசிலை ஊதினேன். மொலி என்னை ஒரு தடவை சுற்றி வந்துவிட்டு நேரே பத்தனைக்குப் பாய்ந்தாள். பத்து நிமிடத்தில் நான்கு மாடும் கொட்டிலில். மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், இனி மத்தியானத்தில் மொலியை என் கண்ணை விட்டு அனுப்பமாட்டேன் என்றும் சொன்னேன். அழுதாள், நானும் அழுதேன். கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு.

மறுநாள் பாக்கியத்தைக் குறுக்குப் பாதையில் கண்டேன். “நாய அவுத்துட்டாங்களாமே, சந்தோசம்மா” என்றாள், உண்மையாகவே சந்தோசமாக. கண்டாக்குத் தம்பி இப்போது எப்படி என்று கேட்டேன். கூடைக் கயிற்றைத் தலையில் சரி பண்ணிக்கொண்டு நடந்தபடியே சொன்னாள்:

“இப்பவும் விசில் அடிக்கிறாருங்க. நாய்தான் வர்றதில்ல. விசில் கேட்டா நாங்களே நெரைக்குப் போயிர்றோம்.”

ஸ்டாஃப் கிளப்பில்

போன சனிக்கிழமை ஸ்டாஃப் கிளப்பில் ஒன்றுகூடல். தொரை, அவருடைய மனைவி, ஃபெக்டரி ஒபிசர், கணக்கப்பிள்ளைமார், எங்கள் வீட்டுக்காரர், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கண்டாக்குத் தம்பி. இரண்டு வாரமாக என் வேலிப் பக்கம் வராமல் சுற்றுவழியால் வீட்டுக்குப் போகிற பிள்ளை, அன்று என்னைக் கண்டதும் சுவரில் மாட்டியிருந்த கலண்டரை வாசிக்கத் தொடங்கியது. தொரை என்னிடம் வந்து, “மொலி எப்படி, மேடம்? ஹேப்பியா?” என்று கேட்டார். பிறகு யாராவது ஏதாவது பேச விரும்பினால் பேசலாம் என்று மரியாதைக்குச் சொன்னார். பெண்டாட்டிமார் அங்கே பேசுகிற வழக்கமில்லை. நான் எழும்பினேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“நாயை அவிழ்த்து விட்டீங்க, நன்றி,” என்றேன். “நாய் மன்னிப்புக் கேக்காது. அதுக்குப் பதிலா நான் லயத்துக்குப் போய்க் கேட்டுட்டேன். இனி விசிலடிச்சவர் திங்கக்கிழமை பெரட்டுக்கு வந்து, அந்த ஏழு பொம்பளைங்க முன்னால நின்னு, ஒரு வார்த்தை கேக்கணும். நீங்க அவரைக் கேக்கச் சொல்லணும், சேர். சொல்லுவீங்களா?”

தொரை கட்லட் தட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். கட்லட் அன்றைக்கு நன்றாக இருந்ததாக வரும் வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார்.